எழுத்தறிவும் கேள்வியறிவும்

திருவள்ளுவர் பொருட்பாலில் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். இவ்வைப்புமுறை தற்செயலாய் அமைந்தது எனக் கொள்ளுதற்கில்லை. கல்லாமையின் இழிவைக் கூறிய பின்னர் நேரே அறிவுடைமைக்குச் செல்லாது இடையே கேள்வியை நிறுத்தியமையால், நூல் கல்லாத ஒருவற்கும் அறிவின்பாற் செல்ல ஒரு வழியுண்டு என்பதை ஆசிரியர் உடன்பட்டார் என்பது பெறப்படும். கற்றறிந்தார் கூறக் கேட்டலே கேள்வி என உரையாசிரியரும் பொருள் கொண்டனர்.

இக்காலத்து மக்கட்கணக்கு ஏடுகளில் இக்கேள்விக்கு இடமில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தோர், தெரியாதோர் என்னும் இரண்டு கட்டங்களே அவற்றில் உள. ஒருவர் முதற்கட்டத்தில் இல்லையாயின் இரண்டாவதில் விழுவார். ஆயினும் கடந்த இருநூறு ஆண்டுத் தமிழக வரலாற்றை நோக்குங்கால், நாட்டுநடப்பை அறிந்து கருத்துக்கொண்ட மக்களின் தொகை எழுத்தறிந்தோர் தொகையினும் எஞ்ஞான்றும் பெரிதாகவே இருந்துள்ளது. இவ்விரு தொகைகட்கும் இடைப்பட்ட வெளியில் யார் படித்தனர், யார் கேட்டனர், கேட்டோர் எதனைப் பெற்றனர், எதனை இழந்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டு சூன் 25-ஆம் நாள் எழுதிய குறிப்பொன்றில், நிலத்தையும் விளைவையும் அளந்த அரசாங்கம் மக்களின் கல்வி நிலையை அறிய முயலவில்லை எனக் குறைகூறி, மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளையும் மாணவரையும் எண்ணி அனுப்பக் கலெக்டர்கட்கு ஆணை செல்லுமாறு செய்தார். விடைகள் வந்துசேர ஈராண்டுகளுக்கு மேலாயின. அவற்றைத் தொகுத்து 1826-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தின் மக்கட்டொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, மாணவர் 1,88,650. தமிழ் வழங்கும் மாவட்டங்களோடு தெலுங்கு, கன்னடம், மலையாளம் வழங்கும் பகுதிகளும் இத்தொகையில் அடங்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆயிரவர்க்கு ஒரு பள்ளி, ஏறத்தாழ 68 பேர்க்கு ஒரு மாணவர் என்பது கணக்கு. பள்ளி செல்லும் வயதினரான ஆண்பிள்ளைகளை மட்டும் கொண்டு நோக்கினால் நால்வரில் ஒருவர்க்குச் சற்று மிகுதியாகப் பள்ளியிற் பயின்றனர் என்றும், வீட்டிற் பயில்வோரையும் சேர்த்தால் மூவரில் ஒருவர் என்னும் அளவை நெருங்கலாம் என்றும் மன்றோ மதிப்பிட்டார். சென்னை நகரில் வீட்டிற் பயில்வோர் பள்ளியிற் பயில்வோரைப்போல் ஐம்மடங்கினர் என வந்த கணக்கை அவரே ஐயுற்றார். இவ்வையம் அவர்தம் நேர்மைக்குச் சான்றாம்.

இக்கணக்கை இருதிறத்தாரும் தத்தமக்கு வேண்டியவாறு எடுத்தாண்டுள்ளனர். ஆங்கிலேயர் வருகைக்கு முன் நாடு இருளில் மூழ்கியிருந்தது என்பார்க்கு இது நல்ல மறுப்பு. தரம்பால் 1983-இல் வெளியிட்ட 'அழகிய மரம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலில் இவ்வேடுகளை மீண்டும் வெளிக்கொணர்ந்து, தமிழ் மாவட்டப் பள்ளிகளில் சூத்திரர் எனக் குறிக்கப்பட்டோரே பெரும்பான்மையர் என்பதைக் காட்டினார். அது உண்மையே. ஆயின் அதே ஏட்டில் பெண்பிள்ளைகளின் தொகை 4,540 மட்டும் என்பதையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு கடத்தல் ஆகாது. தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகட்கு ஊர்த் திண்ணையில் ஏறும் உரிமையே பெரும்பாலும் இல்லை. பழமையைப் போற்றுவோர் இவ்விரண்டையும் அடிக்குறிப்பிற் சொல்லிச் செல்லும் வழக்கத்தை யாம் ஏற்றற்கில்லை.

திண்ணைப்பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னர் ஏட்டில் எழுத்தாணியால் எழுதினர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் உலகநீதியும் எண்சுவடியும் நிகண்டும் நெட்டுருவாயின. முன்னேறிய மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்க்குச் சொல்லிக்கொடுப்பான். நாள்தோறும் முறை ஒப்பித்தல் உண்டு. சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகட்கான காப்பகத்தை நடத்திய டாக்டர் ஆண்டுரு பெல், மணலில் எழுதுதல், மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பித்தல் ஆகிய முறைகளைக் கைக்கொண்டு, 1797-இல் இங்கிலாந்து திரும்பிய பின் அவற்றைப் பற்றி நூல் எழுதினார். 'சென்னை முறை' என்ற பெயரிலேயே அஃது ஆங்கு ஏழை மக்களின் பள்ளிகளிற் பரவிற்று. ஈண்டுள்ளார் பின்னர் அதனை ஏளனம் செய்தனர் என்பது வேறு கதை.

பெல்லாரி மாவட்டக் கலெக்டர் காம்பெல் 1823-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அனுப்பிய விடை இவ்வேடுகளுட் சிறந்தது. பிள்ளைகள் செய்யுள் நடையிலமைந்த நூல்களைப் பொருளுணராது கிளிபோல் ஒப்பிக்கின்றனர் என்பது அவர்தம் குறை. பெற்றோர் வறுமையுற்றுப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பத் தொடங்கியதால் பள்ளிகள் அருகிவருகின்றன என்பது அவர்தம் கவலை. பின்னதை மறுப்பார் இலர். முன்னது பாதி உண்மை. பொருளுணர்ச்சியின்றி மனப்பாடம் செய்தல் கல்வியன்று என்பதை எவரும் ஒப்புவர். ஆயினும் ஈராண்டு பயின்று ஏர் பிடிக்கப் போனவன் எழுத்தை மறந்தாலும் செய்யுளை மறப்பதில்லை. பின்னாளில் கோயில் மண்டபத்தில் அமர்ந்து பாரதப் பிரசங்கம் கேட்குங்கால், அந்நெட்டுருவே அவன் செவியைப் பயிற்றிய கருவியாயிற்று. கேள்விக்கும் ஒரு முன்பயிற்சி வேண்டும்; அதனைத் திண்ணைப்பள்ளி அளித்தது.

இனி மக்கட்கணக்கிற்கு வருவோம். 1881-இல் நாடு முழுதும் ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட கணக்கில் பயில்வோர், எழுதப் படிக்கத் தெரிந்தோர், இரண்டும் அறியாதோர் என மூன்று வகுப்புகள் இருந்தன. 1901-இல் பயில்வோர் என்னும் வகுப்பு நீங்கியது. எழுத்தறிவு என்பதற்கு உறுதியான அளவுகோல் 1911-இல் வந்தது: நண்பனுக்கு ஒரு கடிதம் எழுதவும் அவன் விடுக்கும் விடையைப் படிக்கவும் வல்லவனே எழுத்தறிந்தவன். யாம் அறிந்தவரை இதனினும் நல்ல அளவுகோல் பின்னர்த் தோன்றவில்லை. எழுத்து என்பது மற்றொருவரோடு கொள்ளும் உறவு என்பதை அஃது உணர்ந்திருந்தது. பின்வந்த கணக்குகளில் 'பொருளுணர்ந்து எழுதவும் படிக்கவும் வல்லார்' என்னும் தொடர் நிலைபெற்றது. எனினும் நடைமுறையில் கணக்கெடுப்போர் வீட்டுவாயிலில் நின்று கேட்க, வீட்டார் சொல்லும் விடையே எழுதப்பட்டு வருகிறது. கடிதம் எழுதச் சொல்லிப் பார்த்தவர் யார்? 1991 முதல் ஏழு வயதிற்கு மேற்பட்டோரை மட்டும் கொண்டு விழுக்காடு காணும் முறை வந்தமையால், அதற்கு முந்திய எண்களோடு பிந்தியவற்றை ஒப்பிடுவார் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

1901-இல் சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஆறு பேர்க்குச் சற்று மேற்பட்டோர். ஆடவருள் நூற்றுக்குப் பன்னிருவர். பெண்டிருள் நூற்றுக்கு ஒருவரும் நிரம்பவில்லை. இவ்வெண்களை மட்டும் கண்ட ஒருவர், இம்மாகாணத்தில் செய்தித்தாளால் விளைவது யாதும் இல்லை எனக் கருதுவர். அரசாங்கம் அவ்வாறு கருதவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டே நாட்டுமொழி இதழ்கள் எழுதுவனவற்றை மொழிபெயர்ப்பித்துக் கமுக்க அறிக்கைகளாகத் தொகுத்துவந்தது. ஆறு பேர்க்கு மட்டும் விளங்கும் தாளுக்கு இத்துணைக் காவல் எற்றுக்கு? அவ்வறுவரைச் சூழ எத்துணைச் செவிகள் இருந்தன என்பது அரசாங்கத்திற்குத் தெரிந்திருந்தது.

அச்செவிகளின் வரலாறு செய்தித்தாளினும் பழையது. நாட்டுப்புறங்களில் திரௌபதியம்மன் விழாக்களில் வில்லிபாரதம் படித்துப் பொருள் கூறும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அச்சகம் நடத்துதல் எளிதான பின்னர், புலவர் பதிப்பித்த இலக்கியங்களோடு மற்றொரு வகை நூல்களும் பெருகின. அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை முதலியன 'பெரிய எழுத்து' என்னும் அடையோடு வெளிவந்தன. அவ்வடை விற்பனைத் தந்திரமன்று. எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்கும், விளக்கொளியில் பலர் கேட்க உரக்கப் படிப்போர்க்கும் அஃது ஓர் உதவி. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் அச்சான சிறு பாட்டுப் புத்தகங்களை விற்போர், சந்தையிலும் புகைவண்டியிலும் பாடியே விற்றனர். கொலை, வெள்ளம், புகைவண்டி விபத்து, உப்புவரி ஆகிய யாவும் அப்பாட்டுகளிற் புகுந்தன. இவற்றை இலக்கிய வரலாற்றார் நெடுங்காலம் திரும்பியும் பாராமைக்குக் காரணம் இவற்றின் யாப்புப் பிழைகள் போலும். ஆயினும் எழுத்தறியாத ஒருவன் காலணாக் கொடுத்து வாங்கிச் சென்று எழுத்தறிந்த அண்டைவீட்டானைப் படிக்கச் சொன்ன முதல் அச்சுத்தாள் பெரும்பாலும் இதுவே.

செய்தித்தாளின் தமிழ் இச்செவிகளை நோக்கி மெல்லமெல்லவே வந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899-இல் நாளிதழாயிற்று. ஆங்கில இதழொன்றை நடத்திய அவர், ஆங்கிலம் அறிந்தாரோடு மட்டும் பேசி நாட்டை ஆக்கல் இயலாது என்று உணர்ந்தமையின் விளைவு அது. 1906-இல் சென்னையிற் பிறந்து 1908-இல் புதுவைக்குச் சென்ற 'இந்தியா' வார இதழில், பாரதியார் கருத்துப்படங்களை முதற்பக்கத்தில் வெளியிட்டார். படம் எழுத்தறியாதார்க்கும் புலனாவது. பிரிட்டிஷ் இந்தியாவினுள் அவ்விதழ் நுழைதல் தடுக்கப்பட்டது, 1910-இல் நின்றது. 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராகச் சூடிய இதழ் வேறொன்றை யாம் அறியோம். திண்ணையில் இடம்பெறாதார்க்கென எழுந்த ஏடு அது. சென்னையின் தாழ்ந்த மக்கட்கென ஆல்காட்டு தொடங்கிய இலவசப் பள்ளிகளிற் பயின்ற முதல் தலைமுறை அப்போதுதான் தலையெடுத்தது என்பதையும் இணைத்து நோக்குதல் தகும்.

மேடைப்பேச்சையும் ஈண்டுச் சேர்த்து எண்ணல் வேண்டும். 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் நிகழ்த்திய தமிழ்ச் சொற்பொழிவுகள் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தோடு கலந்தன. அத்தொழிலாளருட் பெரும்பாலார் செய்தித்தாள் படித்தறியார். ஆயினும் மார்ச்சு மாதத்தில் அத்தலைவர்கள் சிறைப்பட்டபோது நெல்லையிலும் தூத்துக்குடியிலும் எழுந்த கொந்தளிப்பு, மக்கள் கேட்டதைப் புரிந்துகொண்டனர் என்பதற்குச் சான்று. அரசாங்கம் தொடுத்த வழக்கில் அச்சொற்பொழிவுகளே குற்றமாயின. அதற்குமுன் சபைகளில் ஆங்கிலத்திற் பேசிவந்த அரசியல், தமிழில் வாய்திறந்த மறுகணமே நாட்டின் மக்கட்டொகையையே அவையாகப் பெற்றது.

1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி' இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். மக்கள் பேசும் சொற்களையே எழுதுதல், சொற்றொடரைச் சுருக்குதல், தலைப்பைப் பெரிய எழுத்தில் இடுதல் என்பன அவர்தம் கொள்கை; செய்தியாளர்க்கென அவர் கையேடு ஒன்றும் எழுதினார். பழைய 'பெரிய எழுத்து'ப் புத்தகத்தின் உத்தி நாளிதழிற் குடியேறியது என்றே கூறலாம். தமிழ்ப் பேராசிரியர் பலர் இந்நடையைக் கண்டு முகஞ்சுளித்தனர். யாமும் அதன் கொலைச்செய்திகளைப் போற்றுவோம் அல்லேம். ஆனால் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவன் நாள்தோறும் எழுத்தை மறவாதிருக்க ஏதேனும் ஒன்றை விரும்பிப் படிக்க வேண்டும். அவனுக்கு அப்பொருளை அளித்தது பாடநூலன்று, இந்நாளிதழும் திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகமுமே. இதனை மறுத்துப் பயனில்லை.

தேநீர்க்கடைப் பலகையில் ஒருவர் படிக்க ஐவர் கேட்டு, கேட்ட ஐவரும் வாதிட்ட காட்சி ஊர்தோறும் உண்டாயிற்று. திராவிட இயக்கத்தார் அமைத்த படிப்பகங்கள் இதற்கு ஓர் அமைப்பு வடிவம் தந்தன. 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுநூலகச் சட்டம், நூலியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனாரின் பல்லாண்டு உழைப்பின் பயனாய், வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி தண்டி ஊர்தோறும் நூலகம் காண வழிசெய்தது. வானொலி எழுத்தின் துணையே வேண்டாது சென்னையில் 1938-லும் திருச்சிராப்பள்ளியில் 1939-லும் பேசத் தொடங்கியது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் நெல்வகையைப் பற்றித் திருச்சி வானொலி இடைவிடாது கூறிவர, தஞ்சை உழவர் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டனர். ஒரு விதையின் பெயரில் அது வந்த வழி பதிந்துகிடப்பது கேள்வியறிவின் ஆற்றலுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

இதுகாறும் கூறியவற்றால், எழுத்தறியாமை பெரிய குறையன்று என யாம் கூறுவதாக எவரேனும் கருதுவராயின் அது பிழை. கேள்விக்கு இரு பெருந்தடைகள் இருந்தன. முதலாவது, கேட்கும் இடத்திற்கு வாயில் உண்டு. தேநீர்க்கடைப் பலகையில் பெண்கள் அமர்ந்ததில்லை. தாழ்த்தப்பட்டோர்க்குத் தனிக்குவளை வைத்த கடைகளில் அவர்கள் வெளியே நின்றே பருகினர். பலகையில் நடந்த வாசிப்பு அவர்கட்கு உரியதன்று. திண்ணை எவரை விலக்கிற்றோ, அவரையே தேநீர்க்கடையும் விலக்கிற்று. இரண்டாவது, கேட்போன் படிப்போனை நம்பியே நிற்கிறான். செய்தியைப் படிப்பவர் ஒரு வரியை விட்டுவிட்டால் இழப்பு சிறிது. கடன் பத்திரத்தைப் படித்துக்காட்டுபவர் ஒரு வரியை விட்டுவிட்டால் நிலமே போய்விடும். இடக்கைப் பெருவிரலில் மைதடவிப் பதித்த கைநாட்டு, 'எனக்குப் படித்துக்காட்டப்பட்டது. ஒப்புக்கொண்டேன்' என்பதன் அடையாளம். என்ன படித்துக்காட்டப்பட்டது என்பதற்கு அடையாளம் இல்லை.

முதியோர் கல்வி முயற்சிகள் நெடுங்காலம் இதனை உணரவில்லை. 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய தேசிய முதியோர் கல்வித் திட்டத்திற்கு முன்னும் பின்னும் எத்தனையோ இரவுப் பள்ளிகள் தோன்றி மறைந்தன. குழந்தைக்கு உரிய அகரவரிசையை உழைத்துக் களைத்த முதியவர்க்குக் கற்பித்தால் அவர் உறங்குவார், உறங்கினர். 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் அமைந்தது. 1990-இல் கேரளத்து எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதனைப் பின்பற்றித் தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் அறிவொளி இயக்கம் எழுந்தது. மாவட்ட ஆட்சியர் தலைமையும், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முதலியவற்றின் தொண்டும், ஊதியம் பெறாத இளைஞர் உழைப்பும் அதிற் கூடின. வீதி நாடகமும் பாட்டும் முன்சென்று கூட்டம் சேர்த்தன, எழுத்து பின்சென்றது. கேள்வியின் வழியே எழுத்திற்கு அழைத்த முறை இது. எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி அனுபவங்களை 'இருளும் ஒளியும்' என நூலாக்கியுள்ளார். அவ்வியக்கத்தின் இடர்ப்பாடுகளை அறிய விழைவார் அதனைக் கற்பாராக.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 1992-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது தனியே குறிக்கத்தக்கது. ஆங்குப் பெண்களே பெருந்தொகையினராய்ப் பயில வந்தனர். ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு மிதிவண்டி ஓட்டுதலும் அவ்வியக்கத்தின் பகுதியாயிற்று. ஊரக மகளிர் பல்லாயிரவர் மிதிவண்டி பழகினர். கல்லுடைக்கும் பெண்கள் குழுவாய்ச் சேர்ந்து குத்தகை எடுத்துக் கல்குவாரி நடத்தவும் முற்பட்டனர். எழுத்திற்கும் மிதிவண்டிக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் நகைத்தனர். பிறர் துணையின்றிச் சந்தைக்கும் அலுவலகத்திற்கும் செல்ல இயலாதார்க்கு, பிறர் துணையின்றிப் படிக்க இயலும் என்பதில் நம்பிக்கை எவ்வாறு பிறக்கும்? கற்றோர் சிலர் தம் ஊர்க்குக் குடிநீரும் சாலையும் சுடுகாட்டுப் பாதையும் கேட்டு மனு எழுதி, கைநாட்டிற்கு மாறாகத் தம் பெயரெழுதித் தாமே கொண்டுசென்று ஆட்சியரிடம் அளித்தனர். 1911-ஆம் ஆண்டுக் கணக்கின் அளவுகோலாகிய கடிதம் ஈண்டு மெய்யாகவே எழுதப்பட்டது. பெறுபவர் நண்பராயிராமல் அரசாங்கமாயிருந்தார் என்பதே வேறுபாடு.

அவ்வியக்கத்தின் வெற்றியை மிகைப்படுத்தல் வேண்டா. ஆர்வ அலை அடங்கிய பின் தொடர்கல்வி மெலிந்தது. கற்ற எழுத்தைப் பலர் மறந்தனர். தம் பெயர் எழுதுதல் மட்டும் சிலர்பால் எஞ்சியது. தமிழ்நாட்டின் எழுத்தறிவு விழுக்காடு 1991-இல் 62.66, 2001-இல் 73.45, 2011-இல் 80.09 என உயர்ந்தது. பெண்களின் விழுக்காடு அக்காலத்தில் 51.33-இலிருந்து 73.44 ஆயிற்று. இவ்வுயர்வில் முதியோர் கல்வியின் பங்கு எத்துணை, 1956-இல் காமராசர் பரப்பிய பகலுணவும் 1982-இல் தொடங்கிய சத்துணவும் பள்ளிக்கு ஈர்த்த பிள்ளைகளின் பங்கு எத்துணை, எழுத்தறியாத முதியோர் மறைந்தமையின் பங்கு எத்துணை எனப் பிரித்துக்காட்ட அவ்வெண்களாலே இயலாது. ஓர் இயக்கத்தின் பயனை விழுக்காட்டில் தேடுவார் ஏமாற்றமே அடைவர். கற்ற பெண் தன் மகளைப் பள்ளியினின்று நிறுத்த மறுத்தமை எந்தக் கட்டத்திலும் ஏறாது.

2021-இல் எடுக்கப்படவேண்டிய மக்கட்கணக்கு அவ்வாண்டில் எடுக்கப்படவில்லை. இடையே கைபேசி ஊர்தோறும் சென்றுவிட்டது. குரலிற் பதிந்து அனுப்பும் செய்தியும், ஓடும் படமும் எழுத்தறியாதார்க்கும் உலகச் செய்தியை நேரே கொணர்கின்றன. பலகையில் இடம் பெறாத பெண்ணும் அதனை வீட்டிலிருந்தே கேட்கிறாள். முதல் தடை இவ்வாறு பெரிதும் தளர்ந்தது. இரண்டாவது தடை தளரவில்லை. பேசும் குரல் எவருடையது, அவர் எதனை விட்டுவிட்டார் என்பதை அறியும் வழி கேட்போர்க்கு இன்றும் அரிது. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், வாயிலுக்கு வெளியே மனு எழுதித் தருவோர் அமர்ந்திருப்பர். அவர்கள்முன் நின்று தம் குறையைச் சொல்லி, எழுதி முடித்த தாளை வாங்கி, அதனைப் படித்துப் பாராமலே கையெழுத்திட்டு உள்ளே செல்வோருட் பெரும்பாலோர் பெண்கள். கணக்கேட்டின்படி அவருட் பலர் எழுத்தறிந்தோர்.